பெட்டிக்கு ஒரு டொலர் ஒரு சதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

டேய் மச்சான்,

மூண்டு மாசமா நானும் எழுதேல்லை, நீயும் எழுதேல்லை. கணக்குச் சரி, ஆரும் ஆரிட்டையும் மன்னிப்புக் கேக்கத் தேவையில்லை. அம்மாவின்ர முழங்கால் பரவாயில்லை. மொட்டையன் இன்னும் கலியாணம் கட்டேல்லை, கேட்டால் அதே பழைய பதில்தான். மிச்சம் பிறகு.

நேற்று நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜை ரெண்டு தரம் கேட்டனான். சின்னவளுக்குக் காது நோ, இன்சூரன்ஸ் இல்லை, அதால கடையில மருந்து வாங்கி ஊத்தினதாம். "கிரீன் கார்ட் எடுத்து அஞ்சு வருஷம் முடியாமல் எங்களுக்கு அரசாங்கக் காப்புறுதி ஒண்டும் கிடையாது மச்சான்" எண்டு ஏதோ வேதவாக்கு மாதிரிச் சொல்லுறாய். ஆரடா உனக்கு இதைச் சொன்னது? அந்தக் கடை வாசல் கோஷ்டிதானே? ராத்திரி முழுக்க உந்த அமெரிக்காவின்ர கோப்புகளோட கிடந்து சாகிற என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அஞ்சு வருஷக் கட்டுப்பாடு பொய்யில்லை. 1996 இல வந்த சட்டம். ஆனால் அது உனக்கும் மனிசிக்கும்தான். பிள்ளையளுக்கு அந்தக் காத்திருப்பை நீக்கலாமெண்டு 2009 இல மாநிலங்களுக்கு இடம் குடுத்தாச்சு, நீ இருக்கிற நியூ ஜெர்சி நீக்கியும்போட்டுது. போதாததுக்கு 2023 தையிலயிருந்து அங்க 19 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையின்ர விசா நிலையைப் பார்த்துத் தட்டிக்கழிக்கிறதும் இல்லை, வருமானம்தான் கணக்கு. கிரீன் கார்டைக் கையில வச்சுக்கொண்டு நீ பயந்து நிக்கிறாய்!

திட்டத்துக்கு அங்க பேர் ஃபமிலிகெயர். வருமானம் குறைஞ்சவைக்கான மெடிக்கேட் எண்டுற அரசாங்கக் காப்புறுதியும், சிப் எண்டுற பிள்ளையள் காப்புறுதியும் ஒரே கூரைக்குக் கீழ. விண்ணப்பம் ஒண்டுதான், எந்தப் பக்கம் எண்டு அவங்களே பிரிப்பாங்கள். ஒபாமாகெயர் சந்தையில வாங்கிற காப்புறுதி மாதிரி இத்தனையாம் திகதிக்குள்ள எண்டு இதுக்கு இல்லை, வருஷம் முழுக்கக் கதவு திறந்திருக்கும். வருமான எல்லை, மத்திய அரசின்ர வறுமைக்கோட்டில 355 சதவீதம். 2025 கணக்கில நாலு பேர் குடும்பத்துக்கு அந்தக் கோடு வருஷத்துக்கு 32,150 டொலர். பெருக்கிப் பார், மாசம் 9,500 டொலர் வரைக்கும் போகுது. கணக்கு மாஸ்டரிட்டை அடி வாங்கினவன் நீ, இதுகூடவா வராது?

இனி நீ பிழை விடப்போற இடம். டெலிவரி ஆப் காட்டுற முழுத்தொகையையும் வருமானமெண்டு எழுதிப்போடாதை. சொந்தத் தொழிலுக்குச் செலவு போக மிஞ்சிறதுதான் கணக்கு. கார் ஓட்டச் செலவாய் மைலுக்கு 70 சதம் கழிக்கலாமெண்டது 2025 வரிக் கணக்கு. மாசம் 3,000 மைல் ஓடினால் 2,100 டொலர் அதிலேயே கழியுது. ஆனால் மைல் எழுதின கொப்பி இருக்கவேணும், நீ அதை ஒருநாளும் எழுதியிருக்கமாட்டாய். மனிசியின்ர சம்பளச் சிட்டை கிட்டடி மாசத்ததாய் இருக்கட்டும், போன வருஷத்து வரிப் பத்திரத்தைப் பார்த்து எழுதாதை. கொழும்புக்கு அனுப்புற காசைக் கழிக்கேலாது. கொண்ணன் கனடாவிலயிருந்து அன்பளிப்பாய் அனுப்புற காசைக் கூட்டவும் தேவையில்லை. வங்கியில என்ன கிடக்கு, கார் என்ன விலை எண்டு கேக்கமாட்டாங்கள். மாமியை வரிப் பத்திரத்தில காட்டாட்டில் குடும்ப எண்ணிக்கையில சேர்க்காதை, வீட்டில எவ்வளவு அதிகாரம் எண்டாலும்!

கிரீன் கார்டும் சோஷல் செக்யூரிட்டி இலக்கமும் விண்ணப்பிக்கிற பிள்ளையளுக்குத்தான் வேணும், உங்கட ரெண்டு பேரின்ரயும் கேக்க முறையில்லை. "பப்ளிக் சார்ஜ் ஆயிடும்", அதாவது அரசாங்கத்துக்குப் பாரமெண்டு எழுதிப்போடுவாங்கள் எண்டு கோஷ்டி வெருட்டும். அது கிரீன் கார்ட் கேக்கிறவையைப் பார்க்கிற சோதனை. சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில அந்தச் சோதனையே கிடையாது. 180 நாளுக்கு மேல வெளிநாட்டில நிண்டு திரும்பினால் மட்டும் கேள்வி வரலாம், ஆகையால் இஞ்ச வந்தால் ஆறு மாசத்துக்குள்ள ஓடிப்போ.

உனக்கு உண்மையில வெட்கம்தான் மச்சான், எனக்குத் தெரியும். பொரளை லேடி றிட்ஜ்வே பிள்ளையள் ஆஸ்பத்திரியில விடிய வரிசையில நிண்டு பிள்ளையைக் காட்டேக்கை வெட்கம் வந்ததே? அங்க மட்டும் ஏன்? அதுவும் நீ ஏற்கெனவே காசு கட்டிறாய். 1997 இல யூட்டாவின்ர ஹாட்சும் மசச்சூசெட்ஸின்ர கென்னடியும், எதிரெதிர்க் கட்சிக்காரர், சேர்ந்து சிப்பைக் கொண்டு வரேக்கை அதுக்குச் சிகரெட்டுக்குத்தான் வரியைக் கூட்டினவை. 2009 இல பெட்டிக்கு 39 சதத்திலயிருந்து ஒரு டொலர் ஒரு சதமாக்கிச்சினம். நீ ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி எண்டு மனிசிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சின்னவளின்ர பிரீமியத்தைக் கண்டபடி கட்டிப்போட்டு, காதுக்குக் கடை மருந்து விடுறியோ?

முடிவுக்கு 45 நாள் வரைக்கும் எடுக்கலாம். அதுவரைக்கும் சும்மா இராதை. வருமானத்துக்கேத்த கட்டணம் வாங்கிற சமூக சுகாதார நிலையம் ஒண்டைத் தேடு, காசில்லை எண்டு திருப்பி அனுப்பமாட்டினம். கையோட தற்காலிகக் காப்பும் எழுதித் தருவினமோ எண்டு அங்கேயே கேள். காதுப்பறையில ஓட்டை இருந்தால் கண்ட துளிமருந்தும் விடக்கூடாது, அதைப் பார்க்காமல் இனி ஒரு சொட்டும் வேண்டாம். இப்ப கட்டின பில்லையும் எறியாதை. மெடிக்கேட் பக்கம் விழுந்தால் முந்தின மூண்டு மாசச் செலவைக் கேக்கலாம், சிப் பக்கம் எண்டால் அதை நம்பியிராதை.

அட்டை வந்த பிறகுதான் எனக்குப் பெரிய பயம். முதல்ல, எந்தக் காப்புறுதிக் கம்பனியின்ர திட்டம் எண்டு நீ தெரிவுசெய்யாட்டில் அவங்களே ஒண்டில போட்டுவிடுவாங்கள். பிள்ளை டொக்டர் எந்தத் திட்டத்தை ஏற்கிறார் எண்டு கேட்டுப்போட்டுத் தெரிவுசெய். பிழைச்சால் 90 நாளுக்குள்ள மாத்தலாம். 2024 தையிலயிருந்து பிள்ளைக்கு ஒருக்கால் கிடைச்சால் 12 மாசத்துக்கு அசையாது, இடையில உன்ர உழைப்புக் கூடினாலும். அதால ஓவர்டைமை விடாதை. ஆனால் 12 ஆம் மாசம்! புதுப்பிக்கிற படிவம் தபாலில வரும், திருப்பி அனுப்ப ஆகக் குறைஞ்சது 30 நாள் தருவாங்கள். நீ வருஷத்துக்கு ரெண்டு வீடு மாறுறவன், படிவம் பழைய வீட்டுக்குப் போகும், காப்பு வெட்டுப்படும். 2023 சித்திரையிலயிருந்து நாடு முழுக்க மெடிக்கேட்டைத் திரும்பச் சரிபார்க்கேக்கை, வெட்டுப்பட்ட ஆக்களில பெரும்பாலானவை தகுதி இல்லையெண்டு முடிவாகி வெட்டுப்பட்டவையில்லை. கடதாசி போய்ச் சேராததும் பதில் வராததும்தான் காரணம். இந்த ஒரு விஷயம்தான் எனக்கு நித்திரை தரேல்லை. வீடு மாறினால் முதல் ஃபோன் அவங்களுக்கு, பிறகு எனக்கு. வெட்டுப்பட்டாலும் 90 நாளுக்குள்ள அந்தப் படிவத்தைக் குடுத்தால் புது விண்ணப்பம் இல்லாமலே திரும்பப் பார்ப்பாங்கள்.

ஃபோன் எடுக்கேக்கை "தமிழ்" எண்டு கேள், மொழிபெயர்ப்பாளர் இலவசம். பெரியவனை வச்சு மொழிபெயர்ப்பிக்காதை, அவன் உன்ர வருமானத்தைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப்போடுவான்.

இஞ்சயும் 2017 இல பள்ளிப்பிள்ளையளுக்குச் சுரக்ஷா எண்டு ஒரு காப்புறுதி தொடங்கினவை, எங்கட ஒழுங்கையில எத்தனை பேருக்குத் தெரியும் எண்டு நினைக்கிறாய்? அது இன்னொரு கடிதம்.

விண்ணப்பத்தை அனுப்ப முதல் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. உனக்கு மத்தியானம், எனக்கு ராத்திரி, நான் முழிச்சுத்தான் இருப்பன். காதை நாளைக்கே காட்டு.

உன்ர
கண்ணாடி