மார்க்கம் நகர அணியுடன் விளையாட ஒட்டாவா வரை போனோம்: சிறுவர் ஐஸ் ஹொக்கி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறுவர் ஹொக்கி லீக்குகளையும் சுற்றுப்போட்டிகளையும் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். ஆறு வருடமாக மகனின் அணிக்கு மனேஜராக இருக்கிறேன். சம்பளமில்லாத வேலை. எந்த அரீனா, எத்தனை மணி, எந்தப் பிள்ளையை யார் ஏற்றி வருவது என்று எக்செல் தாளில் போட்டு வைப்பவன் நான்தான். அதனால் இந்த விளையாட்டில் எனக்கு மிக நன்றாகத் தெரிந்தது கிலோமீற்றர்க் கணக்கு.

பருவத் தொடக்கத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த வருடம் பசுமையாக விளையாடுவோம், பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் வேண்டாம், வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தது. நல்ல விஷயம். எங்கள் வீட்டில் எப்போதோ அப்படித்தான். அதே மின்னஞ்சலின் அடியில் ஆட்ட அட்டவணையும் இருந்தது. திறந்து பார்த்தேன். செவ்வாய் இரவு 8.40க்கு ஓரஞ்வில். ஸ்காபரோவிலிருந்து ஒரு வழிக்கே ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீற்றர். மறுநாள் பள்ளிக்கூடம். போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன்.

உண்மையில் இந்த மடல் 2023ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டியது. ஃபமிலி டே நீண்ட வார இறுதியில் ஒட்டாவாவில் ஒரு சுற்றுப்போட்டி. மகனுக்கு அப்போது பத்து வயது. பதினைந்து பிள்ளைகள், பதினைந்து கார்கள். போக 430 கிலோமீற்றர், வர 430. நூறு கிலோமீற்றருக்கு ஒன்பது லீற்றர் என்று வைத்தால் ஒரு காருக்கு 77 லீற்றர், பதினைந்து காருக்கும் 1,150 லீற்றருக்கு மேல். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமிலவாயு வெளியேறும். பெருக்கிப் பாருங்கள், இரண்டரைத் தொன்னைத் தாண்டும். நான்கு ஆட்டம் ஆடினோம். மூன்று வரிசை மாறி மாறி இறங்குவதால் ஒரு பிள்ளை ஐஸில் நின்ற நேரம் நான்கு ஆட்டத்திலும் சேர்த்து ஒரு மணித்தியாலம் வராது.

அந்த நான்கில் ஓர் ஆட்டம் மார்க்கம் பக்கத்து அணியுடன். அவர்களுடைய அரீனா எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் ஒருவரை ஒருவர் பார்த்து, 'நீங்களுமா?' என்று கேட்டுக்கொண்டோம்.

பிள்ளைகளுக்கு வேறொரு ஆசையும் இருந்தது. றீடோ கால்வாயில் சறுக்க வேண்டும். நகரின் நடுவே 7.8 கிலோமீற்றர் நீளமான ஐஸ் பாதை. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் திறந்துவந்தது. சனிக்கிழமை பின்னேரம் சறுக்குச் சப்பாத்துகளைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோருமாகப் போனோம். சிவப்புக் கொடி. ஐஸின் மேல் சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றது. பாதுகாப்பாகத் திறக்க முப்பது சென்ரிமீற்றர் அளவுக்காவது நல்ல ஐஸ் வேண்டும், அது கட்டவேயில்லை. சில நாட்களில் அறிவித்துவிட்டார்கள்: இந்தப் பருவம் திறக்காது. கால்வாய்ப் பாதையின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அடுத்த குளிர்காலத்தில் பத்தே நாள். 2025இல் ஐம்பது நாளுக்கு மேல் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பீர்கள். குளிர் வராமலே போய்விடவில்லை. எந்த வருடம் வரும் என்று நம்பித் திட்டம் போட முடியவில்லை, அவ்வளவுதான்.

மகன் கரையில் நின்று, 'அப்பா, இது ஏன் உறையவில்லை?' என்று கேட்டான். எங்கள் பதினைந்து கார்கள் மட்டும் அதற்குக் காரணமா என்ன? ஆனாலும் பதில் சொல்ல வாய் வரவில்லை. பைவார்ட் சந்தைக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு பீவர்டெயில் பலகாரம் வாங்கிக்கொடுத்தோம்.

அரீனாக்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அங்கே வேலை நடக்கிறது. ஐஸைச் சமப்படுத்தும் ஸம்போனி வண்டி ஒவ்வொரு தடவையும் சில நூறு லீற்றர் சுடுதண்ணீர் ஊற்றும். சுடுதண்ணீரில் காற்றுக் குமிழி குறைவு, பழைய ஐஸின் மேற்பரப்பை இளக்கி நன்றாக ஒட்டிக்கொள்ளும். இப்போது சில இடங்களில் தண்ணீரிலிருந்து காற்றை வேறு வழியில் பிரித்தெடுத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரையே ஊற்றுகிறார்கள். கூரையின் வெப்பம் ஐஸில் விழாதபடி உள்ளே பளபளப்பான தாள் விரிக்கிறார்கள். ஐஸை உறைய வைக்கும் கொம்பிரசர் இயந்திரம் வெளியே தள்ளும் வெப்பத்தைப் பிடித்துக் குளியலறைத் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். ஐஸைச் சுரண்டிப் பின்பக்கம் கொட்டுகிற பனிக்குவியலையும் சில அரீனாக்களில் அதே வெப்பத்தில்தான் கரைக்கிறார்கள். 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்காக வான்கூவர் பக்கத்து றிச்மண்டில் கட்டிய ஓவல் அரங்கின் கூரையைப் போய்ப் பாருங்கள், வண்டு அரித்து அழிந்த பைன் காட்டு மரத்தில் செய்தது. குளிரூட்டும் வாயுவையும் மாற்றி வருகிறார்கள். ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22 வாயுவுக்கு 2020இலிருந்து இறக்குமதித் தடை. அமோனியா காலநிலைக்குக் கெடுதல் இல்லாதது, ஆனால் கசிந்தால் ஆளைக் கொல்லும். 2017இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபேர்னி நகர அரீனாவில் மூன்று பேர் இறந்தார்கள். கியூபெக்கில் கரியமிலவாயுவையே குளிரூட்டியாக வைத்து ஐஸ் போடுகிறார்கள்.

இதெல்லாம் நகரசபைகளும் பொறியியலாளர்களும் அரீனா ஊழியர்களும் செய்தவை. உங்கள் கையில் இருப்பது அட்டவணை. அதில்தான் இன்னும் யாரும் கை வைக்கவில்லை.

'அட்டவணையை மாற்றினால் போட்டித் தரம் போய்விடும்' என்று சொல்வீர்கள். கூட்டத்தில் ஒருமுறை கேட்டபோது கிடைத்த பதில் அதுதான். சரி, ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 2021இல் கொவிட்டால் அமெரிக்க எல்லை மூடியிருந்தபோது, பெரியவர்களின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். என்ன செய்தது? ஏழு கனடிய அணிகளையும் ஒரே பிரிவில் போட்டு, தங்களுக்குள்ளேயே 56 ஆட்டம் ஆட வைத்தது. ஒரு நகரத்துக்குப் போனால் அங்கேயே இரண்டு மூன்று ஆட்டம் தொடர்ந்து ஆடிவிட்டுத் திரும்பினார்கள். ஹொக்கி கெட்டுப்போய்விட்டதா? பகை இன்னும் சூடேறியதுதான் மிச்சம். (ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்து மொன்றியலிடம் தோற்றதற்கு அட்டவணை பொறுப்பல்ல. அதற்கு வேறு மடல் எழுத வேண்டும்.)

உங்கள் வட்டாரத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் முழு ஐஸில் ஆடக்கூடாது என்று தேசிய அமைப்பான ஹொக்கி கனடா 2017இல் சொன்னது. இரண்டு வருடம் கழித்து ஏழு எட்டு வயதுக்காரரின் ஆட்டத்தையும் அரை ஐஸுக்கு மாற்றியது. எத்தனை பெற்றோர் கத்தினார்கள்! இப்போது ஒரே தளத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் நடக்கிறது. மின்சாரம் அதே அளவு, விளையாடும் பிள்ளைகள் இரட்டிப்பு. சுற்றுச்சூழலை நினைத்துச் செய்ததில்லை என்பது தெரியும். ஆனால் நீங்கள் மனம் வைத்தால் மாற்ற முடியும் என்று அன்றைக்குக் காட்டிவிட்டீர்கள்.

தண்டர் பே, சூ சென். மரி போன்ற வடக்கு ஊர்க்காரரை இதில் நான் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் அணி கிடையாது, பயணம் செய்யாமல் விளையாட்டே இல்லை. இங்கே அப்படியா? இருபது நிமிடத்துக்குள் எனக்கு எட்டு அரீனா.

ஆகவே நான் கேட்பது இதுதான். தூரத்து அணியுடன் ஆட வேண்டுமென்றால் ஒரே நாளில் காலை ஒன்று, பின்னேரம் ஒன்று என்று இரண்டு ஆட்டமாக வையுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பயணம் மிச்சம். பள்ளிநாள் இரவில் நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் ஆட்டம் வேண்டாம். சுற்றுப்போட்டிக்கு வரும் அணி நீங்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். அந்தக் காசு கையில் மிஞ்சினால் ஒரு கோச் பஸ் பிடிப்போம். ஒட்டாவாவுக்குப் போய்வர 300 லீற்றர் டீசல் அளவில் முடிந்திருக்கும்; பதினைந்து கார் கக்கிய புகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிள்ளைகளும் ஒன்றாகப் போவார்கள். எங்களிலும் தவறு உண்டு. சொந்தக் காரில் போகும் சுகத்தை விட மனமில்லாத பெற்றோரில் நானும் ஒருவன். ஆனால் ஒட்டாவாப் பயணத்தில் என்ன பிடித்தது என்று மகனைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வது ஹோட்டல் நடைவழியில் மினி ஸ்டிக் என்ற குட்டி ஹொக்கி மட்டை வைத்து விளையாடியதைத்தான். அதற்குப் பக்கத்திலுள்ள மிஸிஸாகா போதும்.

கடைசியாக ஒன்று, செலவே இல்லாதது. கோடையில் அட்டவணை போடும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரே ஒரு நிரல் சேருங்கள்: வருகிற அணியின் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எத்தனை கிலோமீற்றர் பயணம் செய்யப் போகிறார்கள். அந்தக் கணக்கை மட்டும் போடுங்கள். பார்த்த பிறகு ஓரஞ்விலுக்குச் செவ்வாய் இரவில் யார் ஆட்டம் வைக்கிறார்கள் என்று பார்ப்போம்.

எங்கள் அணிக்கு அந்த நிரலை நானே போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் கேளுங்கள், இன்றிரவே அனுப்பிவிடுகிறேன். நாளைக்கு நேரம் கிடைக்காது. நாளை செவ்வாய்.

இப்படிக்கு,
ஒரு சிறுவர் அணியின் மனேஜர்,
ஸ்காபரோ