சிகரெட்டை நிறுத்துங்கள், இடைவேளையை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 வந்தால் எல்லா நாளிதழ்களிலும் கருத்துப்போன நுரையீரல் படம் வரும். தேவையான படம்தான். ஆனால் வடசென்னையில் கதை, கவிதை, கானா, திரைக்கதை என்று எழுதிக்கொண்டிருப்பவர்களில் புகைப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். நுரையீரலுக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்களுடைய பயம் வேறு: "தம்மை விட்டால் எழுத்து வராது." இந்தப் பயத்துக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை, மனப்பிரமை என்று தள்ளிவிடுகிறார்கள். முதல் சில வாரங்களுக்கு எழுத்து உண்மையாகவே தடுமாறும். ஏன் தடுமாறுகிறது, எத்தனை நாளைக்கு, அதுவரை என்ன செய்யலாம் என்று தெரிந்துவிட்டால் பலர் துணிந்து நிறுத்துவார்கள் என்று நம்புகிறோம்.

இழுத்த புகையிலிருந்து நிகோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிறது. அளவு இறங்க இறங்கக் கவனம் சிதறும், எரிச்சல் வரும். அடுத்த சிகரெட் அந்தச் சிதறலைச் சரிசெய்யும். பற்றவைத்ததும் வாக்கியம் ஓடுவதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முந்தைய சிகரெட் உண்டாக்கிய குறையை அடுத்த சிகரெட் தீர்க்கிறது, அவ்வளவே. நிறுத்திய பின் தவிப்பு 2, 3 நாளில் உச்சத்துக்குப் போகும். 2 முதல் 4 வாரத்தில் பெருமளவு அடங்கும். நிகோடினை ஏற்க மூளையில் பெருகிப்போன ஏற்பிகள் புகைக்காதவரின் அளவுக்குத் திரும்ப 6 முதல் 12 வாரம் வரை ஆகலாம். எழுத்து வராத காலத்துக்கு ஒரு கெடு உண்டு என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

ஆனால் எழுதுபவரை நிகோடினைவிட அதிகமாகக் கட்டிப்போடுவது இன்னொன்று. ஒரு சிகரெட் முடிய 5, 6 நிமிடம் ஆகும். எழுதும் நாளில் 12 சிகரெட் பிடிப்பவர் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மேசையை விட்டு எழுந்திருக்கிறார். மொட்டைமாடிக்குப் போகிறார், தெருமுனை டீக்கடைக்கு நடக்கிறார், ஆழமாக மூச்சை இழுக்கிறார், தாளைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்கிறார். சிக்கிய வரி அந்த நேரத்தில்தான் அவிழ்கிறது. பெயர் என்னவோ புகைக்குப் போகிறது. வேலையைச் செய்தது அந்த விலகல். நிறுத்தும்போது பெரும்பாலோர் புகையோடு சேர்த்து அந்த ஒரு மணி நேரத்தையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எழுந்து போகக் காரணம் இல்லாமல் திரையை முறைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். நான்காம் நாள், "எழுத்தே போய்விட்டது" என்று பெட்டிக்கடைக்குப் போகிறார்கள்.

ஆகவே 12 சிகரெட் பிடித்தவர் 12 இடைவேளையையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது வரும் இடத்தை மாற்ற வேண்டும். புகைப்பவரின் கை, வரி சிக்கும்போதுதான் சட்டைப்பைக்குப் போகிறது. பல ஆண்டுகள் இப்படியே நடந்தால், வரி சிக்கினால் நிகோடின் கிடைக்கும் என்று மூளை பழகிவிடுகிறது. அதனால்தான் நிறுத்திய பிறகு சாதாரணச் சிக்கல்கூடத் தவிப்பைக் கிளப்புகிறது. இதற்கு வழி, இடைவேளையைக் கடிகாரத்திடம் ஒப்படைப்பது. முதல் வாரம் 15 நிமிடத்துக்கு ஒரு அலாரம், பிறகு 25 நிமிடத்துக்கு. அடித்ததும், எழுத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், வாக்கியத்தின் நடுவிலேயே எழுந்துவிட வேண்டும். அடுத்த சொல் தெரிந்தே எழுவதால் திரும்பி வந்து உட்காரும்போது தயக்கம் இருக்காது. இதுதான் பலருக்குக் கடினம். ஓடுகிற வரியை விட மனம் வராது. பிடிவாதமாகச் செய்யுங்கள். இரண்டு வாரத்தில் சிக்கலுக்கும் சிகரெட்டுக்கும் இருந்த முடிச்சு தளரத் தொடங்கும்.

அந்த 5, 6 நிமிடத்தில் கைப்பேசியை உருட்டக் கூடாது. கண்ணும் மனமும் அதில் நிரம்பிவிட்டால் இடைவேளையின் பயன் போய்விடும். ஒன்றுக்கு மட்டும் கைப்பேசி உதவும்: குரல் பதிவு. அடுத்து எழுத வேண்டிய உரையாடலை வாய்விட்டுச் சொல்லிப் பதிந்தபடி நடங்கள். காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவரின் பேச்சோ வியாசர்பாடிப் பையன்களின் பேச்சோ, வாயால் சொல்லிப் பார்க்கும்போதுதான் அதன் தாளம் பிடிபடும். வாயும் மூச்சும் வேலையில் இருப்பதால் தவிப்பும் மட்டுப்படும். ஒரு தவிப்பு பெரும்பாலும் 5 நிமிடம் போல நின்று தணிந்துவிடும். சில நிமிட விறுவிறு நடை அதைக் குறைக்கிறது என்பதும், நடக்கும்போது புதிய யோசனைகள் அதிகம் வருகின்றன என்பதும் சோதனைகளில் தெரியவந்தவை. ராயபுரத்தில் இருப்பவருக்கு மாடிப்பூங்கா இருக்கிறது, பெரம்பூர்க்காரருக்கு முரசொலி மாறன் பூங்கா. எதுவும் அருகில் இல்லையென்றால் மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கினால்கூடப் போதும்.

எந்த வாரத்தில் எதை எழுதுவது என்பதிலும் திட்டம் வேண்டும். தீபாவளி மலருக்குக் கதை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால் அதைக் கொடுத்துவிட்டு மறுநாள் நிறுத்துங்கள். கெடுவுக்கு முந்தைய நாளில் நிறுத்தினால் இரண்டும் கெடும். முதல் வாரத்தில் புதிதாகப் படைக்க முயல வேண்டாம். கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்வது, பிழை திருத்துவது, பழைய குறிப்பேடுகளிலிருந்து பெயர்களையும் இடங்களையும் சொலவடைகளையும் பட்டியலிடுவது என்று கைக்கு வேலையும் மூளைக்கு ஓய்வும் தருகிற பணிகள் எல்லா எழுத்தாளருக்கும் பாக்கி இருக்கும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நாளுக்கு ஒரு பக்கம் மட்டும். ஒரு காட்சி, ஒரு மதிப்புரை. நாவலும் நீண்ட திரைக்கதையும் நான்காம் வாரத்துக்குப் பிறகு. அந்த மூன்று வாரப் பக்கங்களைத் தேதி போட்டு மூடி வையுங்கள். ஒரு மாதம் கழியும்வரை எடுத்துப் படிக்காதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். எரிச்சலில் இருக்கும் மனம் எந்த எழுத்தையும் மட்டம் என்றுதான் சொல்லும்.

டீ, காபி விஷயம் பலருக்குத் தெரியாது. இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிட்டு, டீயிலும் காபியிலும் உள்ள கஃபீனை வேகமாக வெளியேற்றவைக்கின்றன. புகை நின்ற சில நாளில் அந்த வேகம் குறைந்துவிடும். அதே ஆறு கிளாஸ் டீ இப்போது இரத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு கஃபீனைத் தேங்கவைக்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். நிறுத்துகிற நாளிலேயே டீயையும் காபியையும் பாதியாக்குங்கள். மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம். தவிப்பைக் குறைக்க நிகோடின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ பயன்படுத்தினாலும் இது பொருந்தும், ஏனெனில் காரணம் நிகோடின் அல்ல, புகை. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலினும், மனநலத்துக்கு ஒலான்சபின் அல்லது குளோசபினும் எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தின் அளவு உடலில் கூடக்கூடும். அவர்கள் நிறுத்தும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நிகோடின் சூயிங்கம் 2 மி.கி., 4 மி.கி. என இரு அளவில் இருக்கிறது. காலையில் கண் விழித்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. என்பது பொதுக் கணக்கு. இதில் நடக்கும் பெரிய தவறு, மிட்டாய்க் கம் போல விடாமல் மெல்லுவது. அப்படி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலும்தான் வரும். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகு போலச் சுருக்கென்று காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி சில மெல்லல். இப்படி 30 நிமிடம். முதல் 6 வாரம் 1, 2 மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு படிப்படியாகக் குறைத்து 12 வாரத்தில் முடிக்கலாம். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், மோர் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உள்ளே இறங்காது. எழுத உட்காரும் நேரத்துக்குச் சற்று முன்பே வாயில் போட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் சிகரெட்டைப் போல உடனே அல்ல, மெல்லத்தான் ஏறும்.

பட்டை, நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவருக்கு 21 மி.கி.யில் தொடங்கி 6 வாரம், பிறகு 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து உரிந்துவிடும். குளித்துத் துவட்டி, எண்ணெயோ பவுடரோ படாத, முடி இல்லாத தோலில், மேல் கையிலோ முதுகிலோ ஒட்டி உள்ளங்கையால் 10 விநாடி அழுத்துங்கள். நாளுக்கு ஓர் இடமாக மாற்றுங்கள். இரவில் கெட்ட கனவுகள் வந்தால் படுக்கும் முன் எடுத்துவிடலாம். பட்டையையும் சூயிங்கமையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

வாய்க்கு வேறு ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் கிராம்பு, ஏலக்காய், சோம்பு போதும். பாக்கும் மாவாவும் வேண்டவே வேண்டாம். சிகரெட்டை விட்டு மாவாவுக்குத் தாவுவது நம் பகுதியில் கண்ணெதிரே நடக்கிறது. மாவாவில் புகையிலை இருக்கிறது. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்குவது. பீடி லேசானது என்ற நினைப்பும் தவறு; அடிக்கடி அணைந்துவிடுவதால் அதை இன்னும் ஓங்கி, இன்னும் அதிகம் இழுக்க வேண்டியிருக்கிறது. மின் சிகரெட் 2019 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது.

இடமும் உதவும். இதுவரை புகைத்தே இராத ஓர் இடத்தில் முதல் இரண்டு வாரம் எழுதுங்கள். கிளை நூலகம், கொளத்தூரில் 2024-ல் திறந்த பொதுப் படிப்பு, பணியிடமான முதல்வர் படைப்பகம் போன்றவை இதற்கு ஏற்றவை. வீட்டிலேயே எழுத வேண்டியிருந்தால் ஆஷ்ட்ரேவை அப்புறப்படுத்தி மேசையை வேறு சுவருக்கு நகர்த்துங்கள். மிக ஆபத்தான நேரம் இலக்கியக் கூட்டம் முடிந்து எல்லோரும் வெளியே டீக்கடையில் நிற்கும் அரை மணி நேரம். அதில் மது சேர்ந்தால் இன்னும் மோசம். முதல் மாதம் கூட்டத்துக்குப் போங்கள், அந்த அரை மணி நேரத்துக்கு நிற்காதீர்கள். சினிமா டிஸ்கஷன் அறைகளில் இருக்கும் உதவி இயக்குநர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2008 அக்டோபர் 2 முதல் பணியிடங்களிலும் புகைக்கத் தடை இருக்கிறது, 200 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கதவைச் சாத்திய ஏசி அறையில் பத்துப் பேர் இடையே ஒருவர் மட்டும் நிறுத்துவது மிகக் கடினம். அந்த அறையின் விதியை மாற்றச் சொல்வதற்கு அவருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது.

தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஞாயிறு இணைப்பில் எழுத்தாளர் என்றால் விரலிடுக்கில் சிகரெட்டோடு ஓவியம் வரைவதை ஓவியர்கள் கைவிடச் சொல்லுங்கள். எழுத ஆசைப்படும் பதினெட்டு வயதுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முதல் சிகரெட்டைப் பேனாவுக்குத் துணையாக எடுக்கிறார்.

அடுத்தது, புகையிலை நிறுத்த உதவி எண். 1800-11-2356 என்ற இந்தக் கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசலாம். 2018 செப்டம்பர் முதல் இது சிகரெட் பெட்டியில் அச்சாகிறது. ஆனால் நம் பகுதி டீக்கடைகளில் சிகரெட் பெரும்பாலும் லூஸில்தான் விற்கிறது. ஒன்றொன்றாக வாங்குபவர் பெட்டியையே பார்ப்பதில்லை. எச்சரிக்கைப் படமும் அந்த எண்ணும் கடைக்காரரின் கைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. தங்கள் இலக்கியப் பக்கத்தின் அடியில் வாரந்தோறும் ஒரு வரியில் இந்த எண்ணையும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவிலும் புகை நிறுத்த ஆலோசனை கேட்கலாம் என்ற தகவலையும் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
புகை நிறுத்த ஆலோசனைப் பணியில் இருக்கும் வாசகர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை-81