டோஃபுவும் பகெத் ரொட்டியும்: செல்விக்கு ஒரு கடிதம்

புதுச்சேரி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. பேத்தி சுவரைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது செய்தித்தாளைத் தானே எழுத்துக் கூட்டாமல் படிக்கிறார். அந்த மகிழ்ச்சியே அவரைப் பத்து வயது இளமையாக்கிவிட்டது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் சாய்த்துப் போட்ட எங்கள் முருங்கை, அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து மாடி உயரம் வந்துவிட்டது. காய் இன்னும் பிடிக்கவில்லை; கீரைக்குக் குறைவில்லை.

நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். மகன் கறியையும் மீனையும் விட்டுவிட்டான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது அவன் மட்டும் ரசத்தோடு எழுந்துவிடுகிறான் என்று வருத்தப்பட்டிருந்தாய். சோயா பாலைத் திரித்து, பன்னீர் போல் கட்டியாக்கிய டோஃபுவை வாங்கி சாண்ட்விச் செய்து கொடுத்தால், ஊறிய பஞ்சு போலிருக்கிறது என்று பாதியை வைத்துவிட்டானாம். அவன் சொன்னது சரிதான் செல்வி. ஆனால் டோஃபுவைக் கைவிட்டுவிடாதே. அதை எப்படிச் சாப்பிடத் தகுந்ததாக ஆக்குவது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

கெட்டியான டோஃபுவிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். கல்லில் போட்டவுடன் அந்தத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது தீரும்வரை மேற்பரப்பின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஒரு பண்டம் சிவந்து, வறுபட்ட மணம் வர 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே ஈரத்தோடு கல்லில் விழுந்த டோஃபு வேகுமே தவிர வறுபடாது. அதன் மேல் எத்தனை மசாலாவைக் கொட்டினாலும் அந்த வெளுத்த சுவை போகாது. நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பன்னீருக்குச் செய்வதையே இதற்கும் செய்கிறோம். பன்னீரில் பால் கொழுப்பு இருக்கிறது, அது தானே சுவையாக இருக்கும். டோஃபுவில் கொழுப்பு குறைவு. சிவப்பும் எண்ணெயும் புளிப்பும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் கட்டியை அரை விரல் தடிமனுக்குப் பலகை பலகையாக வெட்டிக்கொள். நன்றாக உப்புப் போட்ட கொதிநீரைப் பலகைகள் மூழ்கும்படி ஊற்றிக் கால் மணி நேரம் விடு. தண்ணீரை வெளியேற்றத் தண்ணீரிலேயே போடுவதா என்று கேட்பாய். சூடும் உப்பும் சேர்ந்து டோஃபுவின் புரதத்தை இறுக்கி உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். உப்பும் ஓரளவு உள்ளே இறங்கும். பிறகு வடித்து, பழைய வேட்டித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு, தோசைக்கல்லையோ அம்மிக் குழவியையோ பாரமாக வை. அரை மணி நேரம் போதும். அவசரமாக அழுத்தினால் உடைந்துவிடும்.

பொழுது இருந்தால் இன்னொரு வழி, எனக்கு மிகவும் பிடித்த வழி. முந்தைய நாளே டோஃபுவை அப்படியே ஃப்ரீசரில் போட்டுவிடு. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் விரியும். அந்தப் பனித்துகள்கள் உள்ளே சிறு சிறு அறைகளை உண்டாக்கிவிடும். கட்டி மஞ்சளாக மாறியிருப்பதைக் கண்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதே. உருகியதும் இரண்டு கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தண்ணீர் கொட்டும், கட்டி உடையாது. இப்படி உறைய வைத்ததில் மென்று தின்னும் பதம் வரும், குழம்பும் சாஸும் உள்வரை ஏறும். ஜப்பானில் கோயா மலையின் பௌத்த மடங்களோடு சேர்த்துப் பேசப்படும் கோயாதோஃபுவும் இப்படி உறையவைத்து, பின் உலர்த்திச் செய்வதுதான். கறி சாப்பிட்டுப் பழகிய வாய்க்கு முதலில் இதைக் கொடு.

இனி எப்படிப்பட்ட சாண்ட்விச் என்று சொல்கிறேன். என் சிபாரிசு வியத்நாமின் பான் மீ. எங்கள் ஊருக்கு அந்த நாட்டோடு உள்ள உறவு உனக்குத் தெரிந்ததுதானே. பிரெஞ்சுக்காரர்கள் 1859இல் சைகோனைப் பிடித்தார்கள். அதன் பிறகு புதுச்சேரித் தமிழர்கள் பலர் அங்கே அரசு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனார்கள். அங்கே தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில், பென் தான் சந்தைக்கு அருகில் இன்றும் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே சைகோனில் பிறந்து வளர்ந்து திரும்பிய பாட்டி ஒருவர் இருந்தார். முள்ளங்கி ஊறுகாயை நான் கற்றது அவரிடம்தான்.

பகெத் என்கிற நீளமான, மேலோடு மொறுமொறுப்பான ரொட்டியும் பிரெஞ்சுக்காரர்களோடு இரண்டு ஊர்களுக்கும் வந்தது. இங்கே அது காலையில் வெண்ணெயோடும் குழம்போடும் தின்கிற ரொட்டியாகவே நின்றுவிட்டது. சைகோனில் வேறு கதை. 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்தார்கள். அப்படி வந்த ஒரு தம்பதி 1958இல் சைகோனில் ஹோவா மா என்ற கடையைத் திறந்தார்கள். அதுவரை தட்டில் தனித்தனியாக வைத்துப் பரிமாறியதை எல்லாம் ரொட்டிக்குள்ளேயே அடைத்து, கையில் பிடித்துக்கொண்டு போகும்படி விற்கத் தொடங்கியவர்கள் இவர்கள் என்று சொல்வார்கள். வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு உட்கார நேரம் ஏது? 1975க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்கள் அதை உலகெங்கும் கொண்டுபோனார்கள்.

அசல் பான் மீயில் பன்றி இறைச்சிதான் இருக்கும். ஆனால் வியத்நாமில் பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் உண்பதில்லை. நம் வீடுகளில் அமாவாசைக்குக் கறி சமைக்காதது போலத்தான். அந்த நாட்களுக்கென்றே டோஃபு வைத்த சைவ பான் மீ உண்டு. அதனால் இதைக் கறிக்கு ஈடாகக் கண்டுபிடித்த ஏதோ ஒன்று என்று நினைக்காதே. தலைமுறை தலைமுறையாக விரத நாளிலும் நன்றாகச் சாப்பிட விரும்பியவர்களின் சமையல் இது. உன் மகனிடமும் அப்படியே சொல்லிக் கொடு. கறி மாதிரியே இருக்கும் என்று சொல்லி நீட்டினால் அவன் கறியைத்தான் தேடுவான்.

நான் செய்வது எலுமிச்சைப் புல்லும் மிளகாயும் போட்ட டோஃபு. அதுவும் வியத்நாம் வீடுகளில் சாதாரணமாகச் செய்கிற பதார்த்தம்தான். ஈரம் போன பலகைகளின் மேல் ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளோரைத் தூவித் தடவு. இரும்புக் கல் நன்றாகக் காய்ந்ததும் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு அடுக்கு. பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிடு. நான்கைந்து நிமிடம் தொடக் கூடாது. கீழ்ப்பக்கம் சிவந்து தானாகக் கல்லை விட்டு விலகும்போது திருப்பு. இரண்டு பக்கமும் சிவந்ததும் தட்டில் எடுத்து வை. அதே கல்லில், எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டில் மேல் மடல்களை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் வெளுத்த பகுதியை மிகப் பொடியாக நறுக்கி, பூண்டும் சிவப்பு மிளகாயும் சேர்த்துச் சிறு தீயில் வதக்கு. பெரிதாக நறுக்கினால் நார் பல்லில் சிக்கும், அதில் மட்டும் சோம்பல் வேண்டாம். மணம் எழுந்ததும் டோஃபுவைத் திரும்பப் போட்டு, ஒரு ஸ்பூன் சோயா சாஸ், அரை ஸ்பூன் வெல்லத்தூள் கரைத்து ஊற்றி ஒரு புரட்டு. அவ்வளவுதான். சாஸில் மணிக்கணக்காக ஊறவைத்துப் பிறகு பொரிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. உறையவைக்காத டோஃபுவில் அது தோலளவுதான் இறங்குகிறது, கல்லில் முதலில் கருகுவதும் அதுதான். பொரித்த பிறகு சாஸ் சேர்ப்பதே என் கட்சி.

ஊறுகாய் இல்லாமல் இந்த சாண்ட்விச் இல்லை. ஒரு காரட்டையும் சிறிய வெள்ளை முள்ளங்கியையும் தீக்குச்சி அளவுக்கு நறுக்கி, கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் போட்டுப் பிசறு. பத்து நிமிடத்தில் வளைத்தால் முறியாத அளவுக்குத் தளர்ந்துவிடும். கழுவிப் பிழிந்து, அரை டம்ளர் வினிகர், அரை டம்ளர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு கலந்த நீரில் போடு. ஒரு மணி நேரத்தில் தின்னலாம். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். மூடியைத் திறந்ததும் முள்ளங்கி வாடை தூக்கலாக அடிக்கும், சற்று நேரத்தில் போய்விடும். பாட்டி இதில் சர்க்கரையைக் குறைக்க விடவே மாட்டார். வயிறு நிறைகிற சாப்பாட்டுக்கு நடுவே வாயைக் கழுவி அடுத்த கடிக்குத் தயார்ப்படுத்துவது இந்தப் புளிப்பும் இனிப்பும்தான் என்பது அவர் வாதம். நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ரொட்டிக்குத் தடவ மயோனைஸ் வேண்டும். முட்டை இல்லாமலே வரும். கால் டம்ளர் இனிப்பில்லாத சோயா பாலை மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டு, ஓட ஓட அரை டம்ளர் சூரியகாந்தி எண்ணெயை நூல் போல ஊற்று; கெட்டியானதும் உப்பு, பூண்டு, எலுமிச்சைச் சாறு. சோயா பாலில் இருக்கும் லெசித்தினும் புரதமும் எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். பாலும் எண்ணெயும் ஒரே சூட்டில் இருக்கட்டும். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் மற்றதை எல்லாம் அடக்கிவிடும்.

உங்கள் ஊரில் பகெத் கிடைக்காவிட்டால் பேக்கரியில் வெட்டாத சாதா ரொட்டியை வாங்கித் தடிமனாக அறுத்துக்கொள். இனிப்பு பன் மட்டும் கூடவே கூடாது. எந்த ரொட்டியானாலும் கல்லில் மொறுமொறுவென்று சுட்டுக்கொள். பகெத் என்றால் நடுவே பிளந்து உள்ளே இருக்கும் பஞ்சுப் பகுதியில் கொஞ்சத்தைக் கிள்ளி எடுத்துவிடு, இடம் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஓரம் வரை மயோனைஸ் தடவினால் ஊறுகாயின் ஈரம் ரொட்டியில் இறங்காது. சூடான டோஃபு, பிழிந்த ஊறுகாய், நீளவாக்கில் வெட்டிய வெள்ளரிக்காய், தாராளமாகக் கொத்தமல்லித் தழை, பச்சை மிளகாய் வட்டங்கள். உடனே சாப்பிட வேண்டும். ஆளுக்கு 150 கிராம் டோஃபு வை, குறைக்காதே. கெட்டித்தன்மையைப் பொறுத்து 100 கிராமில் 10 முதல் 17 கிராம் வரை புரதம் இருக்கும். இரண்டு முட்டையில் இருப்பது 12 கிராம் அளவுதான். பிள்ளை இளைத்துவிடுவான் என்ற உன் கவலைக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கடை டோஃபு புளித்த வாடை அடிக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்படி இருந்தால் வாங்காதே, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கால் கிலோ சோயா பீன்ஸை இரவு முழுவதும் ஊறவைத்து, கொதிக்கும் நீர் விட்டு அரை. பச்சைத் தண்ணீரில் அரைத்தால் பருப்பு உடைந்த கணமே அதிலுள்ள நொதி வேலை செய்து அந்தப் பச்சை வாடையை உண்டாக்கும். கொதிநீர் அதை முடக்கிவிடும். வடிகட்டிய பாலைப் பெரிய பாத்திரத்தில் பத்து நிமிடமாவது கொதிக்கவிடு, பொங்கி வழிவதில் பசும்பாலைவிட வேகம். இறக்கிச் சற்று ஆறியதும் எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து மெதுவாக ஊற்றினால் திரிந்து தெளிநீர் பிரியும். துணியில் கட்டிப் பாரம் வைத்தால் டோஃபு. மிஞ்சிய சக்கையை அடை மாவில் கலந்துவிடு.

எலுமிச்சைப் புல் எங்கள் கொல்லையில் புதராக மண்டிக் கிடக்கிறது. உன் தம்பி மகள் திருமணத்துக்கு நான் வரும்போது வேரோடு இரண்டு தூர் கொண்டு வருகிறேன். வெயில்படும் இடமாகப் பார்த்து ஒரு தொட்டியில் மண் நிரப்பி வை. திருமணம் எந்த மண்டபத்தில், முதல் நாள் இரவே வந்துவிட வேண்டுமா என்பதையும் எழுது. அண்ணனுக்கு என் வணக்கம். மகனுக்கு எது பிடித்தது, உறையவைத்ததா உப்பு நீரில் போட்டதா என்று அவனையே எழுதச் சொல்.

அன்புடன்,
விஜயா