எட்டில் ஏழு டிக் வாங்கிய மர ஆக்டோபஸ்

பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். இணையத் தகவலை நம்பலாமா என்று கண்டுபிடிக்க எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் டிக் போட ஒரு கட்டம். எழுதியவர் பெயர் இருக்கிறதா, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா, முகவரியில் பூட்டுப் படம் தெரிகிறதா, கடைசியில் டாட் ஓஆர்ஜி வருகிறதா, இப்படிப் போகிறது.

சும்மா சோதித்துப் பார்க்கலாமே என்று மர ஆக்டோபஸ் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். 1998-இல் யாரோ விளையாட்டாகச் செய்த தளம் அது. அமெரிக்காவின் வடமேற்குக் காட்டில் மரமேறி வாழும் ஆக்டோபஸ் அழிந்துகொண்டிருக்கிறதாம், நாம்தான் காப்பாற்ற வேண்டுமாம். படம் உண்டு, லத்தீனில் விலங்கியல் பெயர்கூட உண்டு. ஏழு டிக் விழுந்தது! டாட் நெட் என்பதால் ஒன்று மட்டும் போச்சு.

அவளைக் குறை சொல்ல மாட்டேன், தாள்தான் அப்படி. டாட் ஓஆர்ஜி முகவரியை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். பூட்டுப் படம், நாம் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது; அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யோக்கியர் என்று சொல்லவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர், செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர். இவர்களிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று பார்க்கச் சொன்னார்கள். மற்றவர்கள் தளத்துக்குள்ளேயே மேலும் கீழுமாகப் படித்து, லோகோவையும் அடிக்குறிப்பையும் பார்த்து ஏமாந்துகொண்டிருக்க, சரிபார்ப்பவர்கள் அரைகுறையாகப் பார்த்ததுமே வேறு டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி வெளியே யார் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போய்விட்டார்கள். வரலாற்று ஆய்வாளர்களே தடுமாறும் இடத்தில் ஆறாம் வகுப்புக் குழந்தை டிக் போட்டு என்ன செய்யும்?

அதனால் இந்தத் தாளை எடுத்துவிட்டு, பக்கத்தை விட்டு வெளியே போய்ப் பார்க்கும் பழக்கத்தைப் பாடமாக வையுங்கள். அதற்காக "நெட்டில் எதையுமே நம்பாதே" என்றும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் நல்ல தகவலையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

மகளிடம் வேறு டேபில் அந்த ஆக்டோபஸ் பெயரைத் தேடச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் முகம் மாறி, "அப்போ தாள்ல என்னப்பா எழுதறது?" என்றாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டுமாம். ஏழு டிக்கோடு அப்படியே கொடுத்தனுப்பினேன்.

இப்படிக்கு,
ஒரு அப்பா