ஆக்சைடு பாடத்தைச் சுண்ணாம்பிலிருந்து தொடங்குங்கள்

பள்ளி வேதியியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

உலோக ஆக்சைடுகள் காரத்தன்மை உடையவை, அலோக ஆக்சைடுகள் அமிலத்தன்மை உடையவை என்ற இரண்டு வரிகளை என் மாணவர்கள் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு அமிலமா காரமா என்று கேட்டால் அதே மாணவர்கள் தயங்கி நிற்கிறார்கள். இந்தத் தயக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஆசிரியர் என்ற முறையில், இந்தப் பாடத்தைப் பட்டியலில் அல்ல, சுண்ணாம்பில் தொடங்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகும்போது அதிலுள்ள கால்சியம் கார்பனேட் சிதைகிறது. தூய கார்பனேட் 100 கிலோ முழுதும் வெந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு, மிஞ்சும். எஞ்சிய 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகிக் காற்றோடு போய்விடும். ஒரே கல்லிலிருந்து ஒரு கார ஆக்சைடும் ஓர் அமில ஆக்சைடும் பிரிந்து வருகின்றன. சுட்ட சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது சீறிச் சூடேறி, நீறி, கால்சியம் ஹைட்ராக்சைடாகிறது. அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை நாள்பட உறிஞ்சி மீண்டும் கார்பனேட்டாகவே இறுகுகிறது. காளவாயில் பிரிந்தவை சுவரில் சேர்ந்துவிடுகின்றன. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அமில ஆக்சைடும் காரமும் சேர்ந்து உப்பு உண்டாவதை விளக்க இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

அமிலமா காரமா என்பதை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டிக்கும் வெளியே போக வேண்டியதில்லை. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்ததும் அது செந்நிறமாவதை ஆரத்தித் தட்டில் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதில் எலுமிச்சைச் சாற்றைப் போதுமான அளவு பிழிந்தால் மஞ்சள் திரும்பிவிடும். லிட்மஸ் தாள் இல்லாத பள்ளியிலும் இதைச் செய்து காட்டலாம்.

விதிக்கு எல்லை உண்டு என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்புக் கரைசல் அலுமினியப் பாத்திரத்தை அரிக்கும். ஏனெனில் அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும் ஈரியல்பு கொண்டது. மாங்கனீசு ஆக்சைடுகளில், ஆக்சிஜன் குறைந்த ஒன்று காரத்தன்மையும் மிகுந்த மற்றொன்று அமிலத்தன்மையும் காட்டுகின்றன. கார்பன் மோனாக்சைடு அலோக ஆக்சைடு என்றாலும் நடுநிலையானது.

இனிச் சொல்லப்போவதே இந்த மடலை எழுதத் தூண்டியது. நடுநிலையாக்கல் பாடம் முடிந்த ஒரு நாள், கண்ணில் சுண்ணாம்பு பட்டால் எலுமிச்சைச் சாறு விடலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று மட்டும் படித்த பிள்ளை அப்படி நினைத்ததில் தவறில்லை. அதோடு நிறுத்திக்கொண்ட பாடத்தில்தான் குறை. பெரும்பாலான அமிலங்கள் திசுவின் புரதத்தை உறையச் செய்வதால் அவை உள்ளே இறங்குவது ஓரளவு தடைபடுகிறது. காரமோ செல்லைச் சூழ்ந்து நிற்கும் கொழுப்புப் படலத்தையே சோப்பாக்கிக்கொண்டு ஆழமாக ஊடுருவுகிறது. அதில் அமிலத்தையும் ஊற்றினால், வினையில் எழும் வெப்பமும் அந்த அமிலமும் சேர்ந்து காயத்தைப் பெரிதாக்கக்கூடும். சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் பிதுக்கி விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் தெறிப்பதும், பார்வை பாதிக்கப்படுவதும் நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் அறிந்த விபத்துதான்.

ஆகவே நடுநிலையாக்கல் சமன்பாடு அச்சாகும் அதே பக்கத்தில் இதையும் அச்சிடுங்கள்: கண்ணில் சுண்ணாம்பு பட்டால் எலுமிச்சையோ வினிகரோ வேண்டாம், உடனே, இமையை விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும், துகள்கள் இமைக்கடியில் தங்கியிருக்கலாம் என்பதால், எரிச்சல் குறைந்தாலும் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்