முப்பதாவது கட்டு நிறைந்த நாளில்

அன்புள்ள எல்லாருக்கும்,

வணக்கம். நான் தென்காசிப் பக்கம் அரசுப் பேருந்து ஓட்டுகிறவன். வயது 43. அதில் 25 வருடம் புகையோடு போனது. சிகரெட்டை விட்டு இன்றைக்கு 750 நாள் ஆகிறது. என் அம்மாவின் கணக்கில் 30 கட்டு. அது என்ன கணக்கு என்று பிறகு சொல்கிறேன். இத்தனை நாளும் என்னைப் பிடித்து நிறுத்தியவர்களிடம் நான் வாய் திறந்து ஒரு நன்றி சொன்னதில்லை. நேரில் சொல்லப் போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பீடி சுற்றாத தெரு குறைவு. சொளகை (முறத்தை) மடியில் வைத்து, வெட்டிய இலையில் புகையிலைத் தூளைப் போட்டு உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி, 25 பீடிக்கு ஒரு கட்டு என்று அம்மா போட்ட கட்டுகளில்தான் நான் படித்தேன், லைசென்ஸ் எடுத்தேன். 16 வயதில் நான் முதன்முதலாகக் குடித்ததும் அந்தச் சொளகிலிருந்து எடுத்த பீடிதான். தெரிந்தபோது அம்மா அடிக்கவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. என் படிப்பும் இந்தப் பழக்கமும் ஒரே சொளகிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்ன சொல்வதென்று தெரிவதில்லை.

முதல் நன்றி அரசு மருத்துவமனையில் என்னைப் பார்த்த அந்த டாக்டரம்மாவுக்கு. ஒரு மாதமாக நிற்காத இருமலோடு போயிருந்தேன். "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டார். பத்து என்றேன். உண்மையில் இருபது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சீட்டின் பின்பக்கம் 1800-11-2356 என்று எழுதிக் கொடுத்தார். புகையை விட நினைப்பவர்களுக்கு உதவும் எண் அது, 2018-லிருந்து எல்லா சிகரெட் பாக்கெட்டிலும் அச்சாகிவருகிறது. தினமும் என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. பாக்கெட்டில் பெரிதாக இருக்கும் அந்தப் புண் படத்தைப் பார்க்கக் கூடாது என்று திருப்பி வைத்தே பழகியதால் எண்ணையும் பார்க்கவில்லை. ஒருவர் கைப்பட எழுதிக் கொடுத்ததும்தான் அது எனக்கான எண்ணாகத் தெரிந்தது.

அடுத்து, அந்த எண்ணுக்குக் கூப்பிட்டபோது போனில் பேசிய அந்தத் தங்கைக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மையத்திலிருந்து தமிழில் பேசினார். காசு கிடையாது. அறிவுரை சொல்லப்போகிறார் என்று நினைத்திருந்தேன். அவரோ என் ஒரு நாளைக் கேட்டார். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் ஒன்று, ராஜபாளையத்தில் ஒன்று, மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இரண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தார். சொல்லி முடித்தபோதுதான் எனக்கே தெரிந்தது, அதில் பாதிக்கு மேல் டீயோடு ஒட்டியது.

அவர் சொன்ன இரண்டு விஷயம் என்னைக் காப்பாற்றியது. ஒன்று, குடிக்க வேண்டும் என்ற வேகம் எவ்வளவு கடுமையாக வந்தாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்தைத் தள்ளிப் போட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மூச்சை ஆழமாக இழுத்து விட வேண்டும், கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். இன்னொன்று, சிகரெட் குடிக்கிறவர்கள் உடம்பு காபி, டீயில் உள்ள கஃபீனைச் சீக்கிரம் கழித்துவிடுமாம். சிகரெட்டை நிறுத்திவிட்டு டீயை அதே அளவு குடித்தால் கஃபீன் உடம்பில் தங்கி, படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். அதையும் சிகரெட் இல்லாத குறை என்றே நாம் நினைத்துக்கொள்வோம். டீயைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் எனக்கு ராத்திரி கண் மூடியது.

மெடிக்கலில் கிடைக்கும் 2 மில்லிகிராம் நிகோடின் கம்மையும் அவர்தான் சரியாகப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுத்தார். நான் பபிள்கம் மாதிரி மென்று விக்கலும் நெஞ்செரிச்சலுமாகக் கிடந்தேன். மெதுவாக மென்று, நாக்கில் சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் திரும்பவும் மெல்ல வேண்டும். டீ குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக உள்ளே இறங்காது, கால் மணி நேரம் இடைவெளி வேண்டும். இப்போது முயன்றுகொண்டிருக்கும் யாராவது இதைப் படிக்கலாம் என்றுதான் விளக்கமாக எழுதுகிறேன்.

என் கண்டக்டர் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது? முதல் மூன்று வாரம் என்னோடு வண்டியில் இருப்பது லேசான காரியம் இல்லை. ஹாரன் அடித்தவனோடு எல்லாம் சண்டைக்குப் போனேன். உன்னையும் பயணிகள் முன்னால் திட்டினேன். நீ ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. புளியங்குடியில் என் கண் பெட்டிக்கடைப் பக்கம் போனால் உடனே ரெண்டு விசில் கொடுத்துவிடுவாய். ரெண்டு விசில் கேட்டால் வண்டியை எடுத்தே ஆக வேண்டும். என்னை அப்படி எத்தனை ஊரில் கடத்திக் கொண்டுபோனாய்!

பஸ் ஸ்டாண்டு டீக்கடை அண்ணாச்சிக்கும் ஒரு வார்த்தை. கடன் எழுதிக்கூட சிகரெட் கொடுத்த நீங்கள், நான் கேட்டுக்கொண்ட நாளிலிருந்து காசு நீட்டினாலும் எனக்கு மட்டும் கொடுப்பதில்லை. உங்கள் வியாபாரத்தை விட்டுத்தந்து செய்தது அது.

இனி எழுதப் போவதுதான் கஷ்டமானது.

விட்டு 210 நாள் முடிந்திருந்தது. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பன் மாரடைப்பில் போய்விட்டான். நானும் அவனும் ஒரே தீக்குச்சியில் பற்றவைத்தவர்கள். சுடுகாட்டில் நின்றிருந்தபோது யாரோ ஒரு சிகரெட்டைக் கையில் வைத்தார்கள். நான் வாங்கிவிட்டேன். அவனைக் கொண்டுபோனதில் புகைக்கும் பங்கு இருக்கும் என்று தெரிந்தும் குடித்தேன். மறுநாள் இரண்டு. அப்புறம் எண்ணவில்லை.

19 நாள் எல்லாரிடமும் பொய் சொன்னேன். தம்பி, உன்னிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிக் கழிப்பறைப் பக்கம் போனதெல்லாம் அதற்குத்தான். அண்ணாச்சி கடையைத் தவிர்த்து வேறு கடையில் வாங்கினேன். வீட்டுக்குப் போகும் முன் மிட்டாய் சப்பினேன். சிகரெட்டை விட அந்தப் பொய்தான் என்னைத் தின்றது. 'ஏழு மாதம் வீணாய்ப் போச்சு, இனி என்ன' என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த பாக்கெட்டை வாங்கக் கை கூசுவதில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தத் தங்கையிடமிருந்து போன் வந்தது, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு. நான் அழுதுவிட்டேன். அவர் "குடிச்சது தப்பா இல்லையான்னு நாம பேச வேண்டாம் சார். அன்னைக்கு எங்க நின்னீங்க, யாரு பக்கத்துல இருந்தாங்க, அதைச் சொல்லுங்க" என்றார். ஒரே முயற்சியில் விட்டவர்கள் குறைவு என்றும், விழுந்த இடத்தைத் தெரிந்துகொண்டவருக்கு அடுத்த தடவை சுலபம் என்றும் சொன்னார். சாவு வீட்டுக்குப் போகும் முன் பையில் கம் இருக்க வேண்டும், கூட வருகிற ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். அதற்குப் பிறகு நான்கு சாவுக்குப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "சட்டையில வாசம் வந்த அன்னைக்கே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள். பத்தொன்பது நாளும் தனியாகச் சுமந்திருக்கிறாள். உன் பொறுமைக்கு நான் நன்றி சொல்லும் தகுதியைக்கூட இன்னும் சம்பாதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசியாக அம்மா. நான் விட்ட நாளிலிருந்து அம்மா காலண்டரில் தினம் ஒரு கோடு போடுவார்கள். 25 கோடு சேர்ந்தால் ஒரு கட்டு. பீடி நூலில் ஒரு முடிச்சு போட்டு ஆணியில் மாட்டுவார்கள். ஒன்பதாவது முடிச்சை அவர்கள் போட்ட அன்று நான் திருட்டுத்தனமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். அதைச் சிரித்த முகத்தோடு என்னிடம் காட்டினார்கள். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

உண்மையைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏல, ஒரு கட்டுல ஒரு பீடி சரியில்லன்னா கட்டையேவா தூக்கிப் போடுதோம்? அத உருவிட்டு நல்லதா ஒண்ணு வைக்கோம்" என்றார்கள். ஒன்பதாவது முடிச்சை மட்டும் அவிழ்த்தார்கள். எட்டு முடிச்சு அப்படியே இருந்தது. குடித்த 19 நாளைக் கழித்துவிட்டு மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து கோடு போட்டார்கள்.

இன்று காலையில் முப்பதாவது முடிச்சு. அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நூலைத் தடவிப் பார்த்து எண்ணினார்கள். இருமிக்கொண்டே எண்ணினார்கள். தூளுக்கு நடுவில் உட்கார்ந்த 40 வருடம் அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்து ஈடுகட்டுவேன் அம்மா?

நாளைக்குக் காலை நாலே முக்காலுக்கு மதுரை வண்டி. அண்ணாச்சி, எனக்குச் சுக்குக் காபி. தம்பி, புளியங்குடி வந்ததும் ரெண்டு விசில்.

என்றும் உங்கள்,
மதுரை வண்டி டிரைவர்