குடும்ப மருத்துவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஜூலை 1 மருத்துவர் தினத்தன்று மூத்த உறுப்பினர்களுக்குப் பொன்னாடை அணிவித்தோம். சர்க்கரை நோய் முகாம் ஒன்றும் நடத்தினோம்.

இனி, நோயாளிகளை மருந்தை விடாமல் எடுக்க வைப்பது பற்றி உறுப்பினர்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்புகள். "மாத்திரை எழுதுவதுதான் நம் வேலை, விழுங்க வைப்பதுமா?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். நாள்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ 50 சதவீதம் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள், அதுவும் வளர்ந்த நாடுகளில், என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் "பிரஷர் நார்மல் ஆயிருச்சுங்க, அப்புறம் எதுக்குங்க மாத்திரை?" என்று நிறுத்திவிட்டு, மறுபடி ஏறியதும் வருகிறார்கள். நிறுத்தியது தெரியாமல் நாம் டோஸைக் கூட்டுகிறோம். இது நம் வேலை இல்லையென்றால் யாருடைய வேலை?

"ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்றால் எல்லோரும் "சாப்பிடறேனுங்க" என்றுதான் சொல்வார்கள். "நிறையப் பேருக்கு நடுவுல விட்டுப்போகுது, உங்களுக்குப் போன வாரம் எத்தனை நாள் விட்டுச்சுங்க?" என்றால்தான் உண்மை வெளியே வரும். பிரஷர் மாத்திரைகளில் எனலாப்ரிலுக்கு வறட்டு இருமல், அம்லோடிபினுக்குக் கால் வீக்கம், சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்கு வயிற்றுப்போக்கு என்று பயந்து நிறுத்தியவரை அப்போதுதான் கண்டுபிடிக்கலாம், மருந்தையோ அளவையோ மாற்றிக் கொடுக்கலாம். பஞ்சாலையில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்குக் 'காலை, இரவு' என்று எழுதினால் அவர் எதைக் காலை என்று எடுத்துக்கொள்வார்? முடிந்தவரை நாளுக்கு ஒரு வேளை மாத்திரையாகச் சுருக்கவும், சொன்னதை நோயாளி வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்கவும் ஒருவர் நோயாளியாக, ஒருவர் மருத்துவராக உட்கார்ந்து பழகினோம். பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதிக்கு) விரதம் இருப்பவர் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுவது பற்றி நல்ல விவாதம் நடந்தது. காசில்லாமல் விடுபவர்களை, 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்த்துவிடவும் சொல்லிக்கொடுத்தோம்.

வந்தவர்கள் வந்தார்கள். வராதவர்கள் ஓ.பி.யைக் காரணம் சொன்னார்கள். ஓ.பி. எனக்கும் இருக்கிறது. மருந்துக் கம்பெனி விருந்தோடு நடத்தும் கூட்டத்துக்கு மட்டும் இடம் போதாமல் போகிறது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். இந்த வகுப்புகளுக்கும் கம்பெனிப் பணம் தர முன்வந்தார்கள். நான்தான் மறுத்தேன். மருந்தை மாற்றவும் குறைக்கவும் பேசும் இடத்தில் மருந்து விற்பவர் பணம் இருக்கக் கூடாது. அதனால்தான் சந்தாவை இவ்வளவு வலியுறுத்துகிறேன். இரண்டு ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு, பெயர் சொல்லவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தலைவர், பொருளாளர், மண்டபம் தந்தவர்கள், டீ வாங்கி வந்த கம்பவுண்டர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மருந்துக்கடைக்காரர்களையும் வகுப்புக்கு அழைக்க எண்ணம். மாத்திரை வாங்க வராமல் போனவர் யார் என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். மண்டபத்துக்கு முன்பணம் தைக்குள் கட்ட வேண்டும். சந்தா ரசீதுப் புத்தகம் இன்று என்னிடமே இருக்கிறது, சாப்பிடப் போகும் முன் பார்த்துவிட்டுப் போகலாம்.

செயலாளர்